உள்ளூர்த் தபால்

பிள்ளையார்பாளையம்,
20-1-1971

அன்பான குமுதாவுக்கு ரேணுகாம்பாள் எழுதுவது.

எந்த ரேணுகாம்பாள் என்று நீ கேட்டால் காதைத் திருகுவேன். பட்டணத்து ஆஸ்பத்திரியில், மனசு சரியில்லாத பெண்களுக்கான வார்டில், உன் கட்டிலுக்கு அடுத்த கட்டில். தீபாவளிக்கு முன்னால் நீ வீட்டுக்குப் போனாய், பத்து நாள் கழித்து நான் வந்தேன். இரண்டு பேரும் ஒரே ஊர் என்று பெயர்தான். நீ சின்ன காஞ்சிபுரத்தில், நான் பெரிய காஞ்சிபுரத்தில். இரண்டு மைல் நடந்தால் பார்த்துவிடலாம். ஆனால் என் தெருவில் நான் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் போனதாகப் பேச்சு. உன் மாமியார் கணக்கில் நீ பிரசவம் முடிந்து திண்டிவனத்தில் அம்மா வீட்டில் இருந்தாய். தறிக்காரன் பெண்டாட்டிக்கும் ஐயங்கார் வீட்டு மருமகளுக்கும் எங்கே பழக்கம் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? அதனால்தான் நீ சொன்னபடி உன் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதுகிறேன். சக்ரவர்த்தி வாத்தியாருக்கு என் வணக்கம்.

யார் முதலில் மாத்திரையை நிறுத்துகிறாளோ அவள் எழுத வேண்டும் என்று பேசிக்கொண்டோமே, நான் நிறுத்தப் போகிறேன். மனசு தேறிவிட்டது, அதில் பொய்யில்லை. ஆனால் வாய் எந்நேரமும் உலர்ந்து கிடக்கிறது, கை நடுங்குகிறது. பழைய பாவின், அதாவது தறியில் ஓடும் நெடுக்கு நூலின், நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிப் பிணைப்பது என் வேலை. நடுங்குகிற கையோடு பட்டு இழையைப் பிடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது.

வருகிற அமாவாசைக்கு நிறுத்துகிறேன். அன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. மயக்கம் கியக்கம் வந்தாலும் ஒரு நாள் படுத்து எழுந்தால் மறுநாள் வேலைக்குத் தயார். எப்படி என் யோசனை?

இப்படிக்கு உன் அக்கா,
ரேணுகாம்பாள்


ஸ்ரீ:
சின்ன காஞ்சிபுரம்,
23-1-1971

ரேணுகா அக்காவுக்குக் குமுதவல்லியின் அநேக நமஸ்காரம்.

இங்கே எல்லோரும் க்ஷேமம் என்று ஆரம்பிக்கத்தான் கை வருகிறது. மாமியார் க்ஷேமம், இவர் க்ஷேமம், நான் மூன்று வேளை மாத்திரையில் க்ஷேமம். உங்கள் கடிதத்தை இவர் பரீட்சை நோட்டுகளுக்கு நடுவில் ஒளித்து எடுத்துவந்தார். கணக்கு வாத்தியாருக்குத் திருட்டு வேலை வரவில்லை. "என்னடா இன்னிக்கு நோட்டைக் கட்டிண்டே நிக்கறே?" என்று மாமியார் கேட்டேவிட்டார்.

அமாவாசை யோசனை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. டாக்டரம்மா சொன்னது மறந்துவிட்டதா? ஒரு வேளையைக் குறைத்து ஒரு மாதம் பார்க்க வேண்டும், பிறகுதான் அடுத்த வேளை. மூன்று வேளையையும் ஒரே நாளில் விடுவதற்கு அது என்ன காபியா?

நானும் விடத்தான் போகிறேன். இன்னொரு குழந்தைக்கு ஆசைப்படுவதற்கு முன் மாத்திரையை முழுக்க விட்டிருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். போன ஆடியில் என் குழந்தை மூச்சு விடாமல் பிறந்தது, அதற்குப் பிறகு நான் பேச்சை விட்டேன். உங்களுக்குத் தெரியாததல்ல. இப்போது எனக்கு வேண்டியது ஒன்றுதான். மாத்திரையை விட வேண்டும், விட்ட பிறகு அந்தக் கட்டிலுக்குத் திரும்பிப் போகக் கூடாது. மாமியாரிடம் இது இரத்தம் ஊறுவதற்கான மாத்திரை என்று சொல்லி வைத்திருக்கிறோம். "இவ்வளவு நாள் சாப்பிட்டும் ஊறலையே" என்று அவர் வருத்தப்படுகிறார்.

தயவு செய்து அவசரப்படாதீர்கள்.

உங்கள்,
குமுதா


பிள்ளையார்பாளையம்,
10-2-1971

அன்பான குமுதாவுக்கு,

உன் கடிதம் வருவதற்குள் என் வீரம் தலைக்கேறிவிட்டது. வந்த பிறகும் இறங்கவில்லை. அமாவாசை அன்று ஒன்றுமில்லை. மறுநாளும் ஒன்றுமில்லை. "பார்த்தியா, டாக்டரம்மா சும்மா பயம் காட்டிக்கினு இருந்திருக்குது" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன்.

அதற்கு அடுத்த நாள் பிடித்தது. வயிற்றைப் புரட்டி வாந்தி. உலர்ந்து கிடந்த வாயில் இப்போது ஓயாமல் எச்சில். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டி உடனே குளிர். கண்ணை மூடினால் கனவு, ஒவ்வொன்றும் இடைவேளை இல்லாத சினிமா. தோலுக்கு அடியில் எறும்பு ஊர்ந்தது. காரணம் இல்லாமல் அழுதேன், காரணம் இல்லாமல் என் பெண் தேவகியை அடித்தேன். பிணைத்துக்கொண்டிருந்த பாவைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய்த் தெருவில் நின்றேனாம். எதிர்வீட்டு அங்கம்மாள் ஓடி வந்து, "இன்னாமே, ஆப்ரேசன் பண்ண எடத்துல நோவுதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

பழைய வியாதி திரும்பிவிட்டது என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் பயந்தோம். வீட்டுக்காரர் என்னைப் பஸ்ஸில் ஏற்றிப் பட்டணத்துக்கு அழைத்துப் போனார். டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் கேட்டது, "எந்த நாள் பார்த்து நிறுத்தினே?" அமாவாசை என்று சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டது. "ஓடற பஸ்ஸிலேர்ந்து குதிச்சா முட்டி பேரத்தான் செய்யும். இது வியாதி இல்லம்மா. மாத்திரையைத் திடீர்னு விட்டதுக்கு ஒடம்பு பண்ற ரகளை" என்றது. மறுபடி மூன்று வேளையும் போட்டதும் மூன்றாம் நாள் தெளிந்தேன்.

இனி நீ சொல்கிறபடி ஒவ்வொரு வேளையாக. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் புத்தியாகப் பிழைத்துக்கொள்.

உன் முட்டி பேர்ந்த அக்கா,
ரேணுகாம்பாள்


ஸ்ரீ:
சின்ன காஞ்சிபுரம்,
16-4-1971

ரேணுகா அக்காவுக்கு நமஸ்காரம். வருஷப் பிறப்புக்கு உங்கள் வீட்டில் என்ன பாயசம்?

நான் ஒரு வேளை மாத்திரைக்கு வந்துவிட்டேன். உங்களைப் போல விழவில்லை, ஆனால் இது சுகமாகவும் இல்லை. ஒவ்வொரு முறை குறைத்ததும் பத்துப் பதினைந்து நாள் பாடாய்ப் படுத்துகிறது. பூஜைப் பாத்திரம் தேய்க்கும்போதே தலை கிறுகிறுக்கிறது. விடியற்காலையில் புடவை நனைந்திருக்கிறது. நேற்று உப்பு டப்பா மூடி திறக்கவில்லை என்று அழுதேன். மாமியார் வாயைத் திறந்தால் கோபம் வருகிறது, மூடினால் அதைவிடக் கோபம் வருகிறது. இவர் என்னிடம் பேசுவதற்கு முன் என் முகத்தைப் பார்த்துக்கொள்கிறார். அது எனக்குச் சகிக்கவில்லை. பக்கத்தாத்து மாமியின் ரேடியோ, கீரைக்காரியின் குரல், எல்லாமே காதில் குத்துகிறது. தூக்கம் கோழித் தூக்கம்.

அக்கா, என் பயம் இதுதான். இது ரகளையா, வியாதியா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? இரண்டும் ஒரே முகத்தோடு வந்தால் எதை நம்புவது? நீங்கள் இரண்டையும் பார்த்தவர். எழுதுங்கள்.

குமுதா


பிள்ளையார்பாளையம்,
20-4-1971

அன்பான குமுதாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. உப்பு டப்பா, மாமியார், வாத்தியார், ரேடியோ, கீரைக்காரி என்று ஊரையே குறை சொல்லியிருக்கிறாய். வார்டில் நீ வந்த புதிதில் எப்படி இருந்தாய் தெரியுமா? கஞ்சியில் புழு மிதந்தது. நான் கத்தினேன், அடுத்த கட்டில்காரி கத்தினாள். நீ மட்டும் அந்தப் புழுவைப் பார்த்துக்கொண்டே கஞ்சியைக் குடித்தாய்.

வியாதி வந்தால் குறை சொல்ல வராது குமுதா. எனக்கும் அப்படித்தான். எதைக் கொடுத்தாலும் சரி, எங்கே உட்கார வைத்தாலும் சரி. உனக்கு இப்போது எதுவுமே சரியில்லை. அதனால் நீ நன்றாக இருக்கிறாய். இருந்தாலும் டாக்டரம்மாவை ஒரு முறை பார்த்துவிடு, நான் ஒன்றும் படித்தவள் இல்லை.

நான் இப்போது இரண்டு வேளை. கை நடுக்கம் பாதி குறைந்திருக்கிறது. எங்கள் வீட்டில் பாயசம் வெல்லம் போட்டது. தேவகி அடுப்பைக் கவனிக்காமல் அடிப்பிடிக்க விட்டாள். இது என் குறை, எழுதி வைத்துக்கொள்.

ரேணுகாம்பாள்


ஸ்ரீ:
சின்ன காஞ்சிபுரம்,
17-6-1971

ரேணுகா அக்காவுக்கு,

முதலில் என் கோபம். கருட சேவை அன்று கங்கைகொண்டான் மண்டபத்தருகே உங்களைப் பார்த்தேன். கூட்டத்தில் நாலு பேர் தள்ளி நின்றீர்கள். பேச வேண்டாம், ஒரு சிரிப்புப் போதும் என்று நினைத்தேன். நீங்கள் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். பெருமாளைச் சேவித்தேனா என்றுகூட எனக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை.

இப்போது செய்தி. கடைசி மாத்திரையையும் விட்டு ஒரு வாரமாகிறது. வாந்தி வருகிறது. டாக்டரம்மா முன்னாலேயே சொல்லியிருந்தார், இரண்டு வாரம் பொறுத்துக்கொள், போய்விடும் என்று. நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் காலையில் காபி வாசனை பட்டதும் நான் கொல்லைப்பக்கம் ஓடுவதை மாமியார் பார்த்துவிட்டார். எங்கள் வீட்டில் மாதாமாதம் மூன்று நாள் பின்கட்டு அறையில் ஒதுங்கி உட்கார வேண்டும் என்பது தெரியுமே. இந்த மாதம் இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளிப்போயிருக்கிறது. அவர் விரல் விட்டு எண்ணிவிட்டு என் கன்னத்தை வழித்தார். "வயிறு சரியில்லேம்மா" என்றேன். "எனக்குத் தெரியாத வயிறாடி?" என்று சிரித்தார்.

இந்த வீட்டுக்கு வந்து ஐந்து வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என்னை அடுப்படிக்கு விடுவதில்லை. தாயார் சன்னதியில் வேண்டிக்கொண்டு வந்திருக்கிறார். கர்ப்பம் இல்லை என்று டாக்டரம்மா போன வாரம்தான் பரிசோதித்துச் சொன்னார். அதைச் சொன்னால் எந்த டாக்டர், என்ன மாத்திரை என்று எல்லாம் வெளியே வரும். இவர் "ரெண்டு நாள் போகட்டும்" என்கிறார். என்ன செய்யட்டும்?

குமுதா


பிள்ளையார்பாளையம்,
21-6-1971

குமுதாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கருட சேவை அன்று தெருப் பெண்கள் கூட இருந்தார்கள். அதனால்தான்.

மாமியாரிடம் சொல்வதென்றால் சொல். சொல்லாவிட்டாலும் சரிதான். உனக்கு எது தோன்றுகிறதோ அப்படிச் செய்.

இங்கே எல்லாரும் நலம். வேறு விசேஷம் இல்லை.

ரேணுகாம்பாள்


ஸ்ரீ:
சின்ன காஞ்சிபுரம்,
3-7-1971

ரேணுகா அக்காவுக்கு நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தில் ஒரு குறைகூட இல்லை. நாலு தடவை படித்துப் பார்த்தேன், தேவகியைக்கூடத் திட்டவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அதுவரை இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

போன வாரம் நான் ஒதுங்கும்படி ஆயிற்று. பின்கட்டு அறையில் பாயைப் போட்டு உட்கார்ந்தேன். மாமியார் நடையில் வந்து நின்று பார்த்தார். அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். குழந்தை கலைந்துவிட்டது என்று நினைத்துவிட்டார் அக்கா. "நான்தாண்டி பாவி. அந்த அண்டாவை உன்னைத் தூக்கச் சொன்னேனே. சிராத்தத்தன்னிக்கு உன்னை வேலை வாங்கினேனே" என்று மார்பில் அடித்துக்கொண்டார். இல்லாத ஒரு குழந்தைக்காக அவர் அழுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். போன ஆடியில் நான் அழுத அழுகை அது. அதை இன்னொருத்தி வீணாக அழக் கூடாது என்று தோன்றியது.

"அம்மா, எதுவும் கலையலை. எதுவும் இருக்கவே இல்லை" என்றேன். அங்கிருந்தே எல்லாவற்றையும் சொன்னேன். திண்டிவனம் பொய், ஆஸ்பத்திரி நிஜம், இரத்தம் ஊறுகிற மாத்திரை பொய், மனசுக்கான மாத்திரை நிஜம், வாந்தி அதை விட்டதால் வந்தது. அவர் நடையின் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். அந்த மூன்று நாளில் என்னைத் தொடவும் முடியாது, நான் போய் அவர் காலைப் பிடிக்கவும் முடியாது. கேட்டு முடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். பிறகு தட்டில் சாதம் வந்தது, பேச்சு வரவில்லை. இவரிடமும் பேசவில்லை. திண்டிவனத்துக்கே என்னை அனுப்பிவிடுவார் என்று இவர் பயந்துபோய்ப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டார்.

நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தேன். "இங்கே வந்து உக்காரு" என்றார். சீப்பை எடுத்துச் சிக்கு எடுக்க ஆரம்பித்தார். நுனி வரை வாரினார். பிறகு, "உங்கம்மா வாரி விட்டிண்டிருப்பான்னு நெனைச்சிண்டிருந்தேன். அங்கே யாருடி உனக்குத் தலை வாரி விட்டா?" என்று கேட்டார்.

நீங்கள்தான் என்றேன். எந்த ஊர் என்றார். இந்த ஊர், பிள்ளையார்பாளையம் என்றேன். சீப்பு நின்றது. "ரெண்டு மைல்ல இருக்கறவ எட்டு மாசமா ஏன் ஆத்துக்கு வரலை?" என்றார். "நீங்க என்ன சொல்லுவேளோன்னு..." என்று இழுத்தேன். "நான் என்னத்தைச் சொல்லப் போறேன்? வரச் சொல்லு" என்றார்.

வாந்தி நின்றுவிட்டது அக்கா. தலையும் தெளிந்திருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை பார்த்து வாருங்கள். வாசல் வழியாகவே வாருங்கள்.

குமுதா


பிள்ளையார்பாளையம்,
8-7-1971

அன்பான குமுதாவுக்கு,

குறை கேட்டாயே, எடுத்துக்கொள். வீட்டுக்காரர் குறட்டை தாங்க முடியவில்லை. அங்கம்மாள் கடன் வாங்கின அரிவாள்மணையைத் திருப்பித் தரவில்லை. தேவகி கையெழுத்து கோழி கிளறினது போல் இருக்கிறது. இந்த வெயிலுக்குக் கரண்டு வேறு போய்விடுகிறது. போதுமா? இன்னும் இருக்கிறது.

கருட சேவை அன்று தெருப் பெண்களுக்காக நான் முகத்தைத் திருப்பவில்லை. மே மாதத்திலேயே மாத்திரையை முழுக்க விட்டேன், இந்தத் தடவை ஒழுங்காகப் படிப்படியாக. ரகளையும் அதிகம் இல்லை. உனக்கு எழுதலாம் என்று இருந்தபோதே கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் சரியாகிவிட்டது. சாப்பிட்டாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி, பெண் பள்ளிக்கூடம் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி. அன்று உன்னைப் பார்த்தேன். அது குமுதா என்று தெரிந்தது, அவ்வளவுதான். சிரிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அதைப் பார்த்து நானே பயந்துதான் திரும்பிக்கொண்டேன். வியாதிதான், குமுதா. உனக்கு எழுதினால் உன் தைரியமும் போய்விடும் என்று எழுதவில்லை.

உன் கடிதம் வந்த அன்று அதைப் பிரிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, வீட்டுக்காரர்தான் எடுத்துப் படித்துக் காட்டினார். "ஒரு குறைகூட இல்லைன்னு எழுதிக்கினு இருக்குதே, இந்தப் பொண்ணுக்குத் தெரியுது, எனக்குத் தெரியலையே" என்று என்னை அன்றைக்கே பட்டணத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். மறுபடி மூன்று வேளை மாத்திரை. டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது, "உனக்கு இது கொஞ்ச வருஷம் வேணும்மா. கண்ணாடி போட்டுக்கிறவங்க இல்லையா?" என்று. இன்னும் முழுக்கத் தெளியவில்லை. ஆனால் அங்கம்மாள் மேல் கோபம் வந்துவிட்டது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உன் மாமியார் என்னைக் கூப்பிட்டது, அந்த மாத்திரையை எல்லாம் விட்டுத் தேறிய ஒருத்தி என்று நினைத்துத்தான். நான் விட்டவள் இல்லை, சாப்பிடுகிறவள். அதைச் சொல். தெரிந்த பிறகும் கூப்பிட்டால் வருகிறேன், கூப்பிடாவிட்டால் தபாலே நமக்குப் போதும். ஒரு தெருவில் பொய் சொல்லிக்கொண்டு இருக்கிறேன். உன் வீட்டிலும் சொல்லிக்கொண்டு உட்கார எனக்குத் தெம்பில்லை.

நீ விட்டாயே, அது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

உன் அக்கா,
ரேணுகாம்பாள்


ஸ்ரீ:
சின்ன காஞ்சிபுரம்,
10-7-1971

ரேணுகா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மாமியாருக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். குறட்டையையும் விடவில்லை. அரிசி களைந்துகொண்டே கேட்டார். முடித்ததும், "எத்தனை வேளை மாத்திரை?" என்றார். மூன்று வேளை என்றேன். "அப்ப மத்தியானமும் உண்டு. வெறும் வயித்துல முழுங்கப்படாது. சாப்பிடவே வரச் சொல்லு" என்றார்.

இலையை எங்கே போடுவார் என்று நான் கேட்கவில்லை. கூடத்திலா, நடையிலா, அவர் என்ன நினைத்திருக்கிறார் என்று தெரியாது. எங்கே போட்டாலும் பக்கத்தில் என் இலையையும் போட்டுக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை. மாத்திரையை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

குமுதா